கண்ணாடியின் இடம்

நம் வட்டத்தில் 'பார்வை' என்கிற சொல் படாத பாடு படுகிறது. மார்க்ஸியப் பார்வை, அமைப்பியல் பார்வை, மண் சார்ந்த பார்வை. கூட்டங்களில் யாராவது எழுந்து "உங்கள் பார்வை என்ன?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். நானும் அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் புழங்கியவன்தான். கடந்த இரண்டு மாதங்களாக எனக்கு இருந்த பிரச்சினை இதைவிட ஸ்தூலமானது. ஒரு பழைய அம்பாசிடர் காரில், பின்னால் வருவதைக் காட்டும் ஒரு சாண் கண்ணாடியை எந்த இடத்தில் பொருத்துவது? இதைப் பற்றி எழுதும் உத்தேசம் முதலில் இல்லை. பழைய கண்ணாடியைக் கழற்றியபோது தெரியவந்த ஒரு விஷயம், நான் முப்பது வருஷத்துக்கு முன்பு எழுதிய ஒரு கதையைப் பொய்யாக்கிவிட்டது. அதனால் எழுத வேண்டியதாயிற்று.

கார் அப்பாவுடையது. முதலில் அவருடையதாக இல்லை. 1965ஆம் வருஷத்து வண்டி, மார்க் 2. அப்பா ஒரு மில் முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தார். எந்த மில் என்பது இங்கே வேண்டாம். பைகாராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி எழுந்த மில்களில் ஒன்று. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. சங்கு ஊதிய கூரை இருந்த இடத்தில் நீச்சல் குளம். 1979இல் அப்பாவைக் கணக்குத் தீர்த்து அனுப்பியபோது, தர வேண்டிய பணத்துக்குப் பதிலாக அந்தக் காரைக் கொடுத்தார்கள். அது பெருந்தன்மையா, சாமர்த்தியமா என்று எங்கள் வீட்டில் கடைசிவரை தீர்மானமாகவில்லை. அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம், பழனி, ஊட்டி, பிரசவ ஆஸ்பத்திரி. 1994இல் அவர் போனார். பிறகு கார் எங்கள் தோட்டத்துச் சாளையில், மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில், வெகுகாலம் நின்றது. கோழிகள் பின்சீட்டில் முட்டை வைத்தன.

அதை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு உருப்படியான காரணம் எதுவும் இல்லை. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. கோவையில் பழைய கார் வைத்திருப்பது இப்போது ஒரு கெளரவமான கிறுக்கு. அவினாசி ரோட்டில் 2015இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைப் பார்த்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டுக் கொட்டகையில் நிற்கும் துருவின்மேல் திடீர்ப் பாசம் வந்துவிடுகிறது. நானும் போனேன், இரண்டு தடவை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒற்றைப் பஸ்ஸோடு ஆரம்பித்த ஜி.டி. நாயுடுவின் ஊரில் இப்படி ஒரு கூடம் இருப்பது பொருத்தம்தான். எல்லோரும் எஞ்சினையும் விளக்கையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணாடி எங்கே தொங்குகிறது என்று ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் ஒருவர் என்னைச் சந்தேகத்தோடு தொடர்ந்தார். அங்கே வைத்திருக்கும் 1886 பென்ஸ் முச்சக்கர வண்டியின் மாதிரியில் பின்பார்க்கும் கண்ணாடி கிடையாது, முன்கண்ணாடியே கிடையாது. பின்னால் வருவதற்கு அப்போது யார் இருந்தார்கள்?

இங்கே தமிழ் ஒரு சங்கடம் பண்ணுகிறது. காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியும் கண்ணாடி, அதில் ஒட்டுவதும் கண்ணாடி, அதைப் பார்க்க நான் போட்டுக்கொள்வதும் கண்ணாடி. கணபதியில் வண்டியை எடுத்துக்கொண்ட மேஸ்திரி, "கண்ணாடியில கண்ணாடி ஒட்டறதுக்கு உங்க கண்ணாடியப் போட்டுட்டு உக்காருங்க சார்" என்றபோது, மூன்றையும் அவர் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வேறுபடுத்திக் காட்டினார். பழைய சொல்லான 'ஆடி'யைக் கொண்டுவந்தால் தீரும் என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். மேஸ்திரியிடம் போய் ஆடி என்றால் அது மாசத்தைத்தான் குறிக்கும்.

பிரச்சினை இதுதான். அந்தக் காரில் கண்ணாடி, முன்கண்ணாடிக்கு மேலே உள்ள தகட்டில் இரண்டு ஸ்க்ரூ போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கூரைத் துணியைப் பிரித்தபோது தகடு சல்லடையாக இருந்தது. ஸ்க்ரூவுக்கு மரை பிடிக்க இடமில்லை. தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பட்டி பார்க்கலாம். அல்லது இப்போதைய கார்களில் இருப்பதுபோல, முன்கண்ணாடியிலேயே ஒரு சின்ன உலோகப் பொத்தானைப் பசை போட்டு ஒட்டி, அதில் புதிய கண்ணாடியை மாட்டலாம். மேஸ்திரி இரண்டாவதைச் சொன்னார். பழைய கார் சேகரிக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டு, வேதத்தில் பிழை கண்டவர்போலத் துடித்துப்போனார். "ஒரிஜினல் இடத்தில்தான் வைக்க வேண்டும்" என்றார்.

ஒரிஜினல் என்பது எது? இந்தக் கார் வங்காளத்தில் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்டது. அதன் மூலம் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கௌலியில் செய்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு, மூன்றாம் வரிசை. அப்படியானால் கண்ணாடியின் 'ஒரிஜினல்' இடம், நடுத்தர உயரமுள்ள ஏதோ ஒரு ஆங்கிலேயனின் கண்ணுக்காக வரைபடத்தில் குறித்த புள்ளி. எங்கள் அப்பா ஐந்தடி இரண்டு அங்குலம். ஸ்டியரிங்குக்கு மேலாகச் சாலையைப் பார்க்கவே அவர் சீட்டில் தலையணை போட்டிருந்தார். அவர் கண் அந்தப் புள்ளிக்கு என்றைக்கும் பொருந்தியிருக்காது.

இந்தக் கண்ணாடி வந்த கதையே விசித்திரமானது. 1909இல் டாரதி லெவிட் என்ற ஆங்கிலப் பெண்மணி, காரோட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியைக் கூடவே வைத்துக்கொண்டு அவ்வப்போது தூக்கிப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தகம் எழுதி யோசனை சொன்னார். 1911இல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் முதல் ஐந்நூறு மைல் பந்தயத்தில் ரே ஹரூன் என்பவர் தன் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்தி ஓட்டி ஜெயித்தார். மற்றவர்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்காரவைத்து, பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துச் சொல்ல வைத்தார்கள். இவர் தனியாக ஓட்டினார், அதை மற்றவர்கள் ஆட்சேபிக்கவே கண்ணாடி வைத்தார். செங்கல் பாவிய பாதையில் அது அதிர்ந்த அதிர்ச்சியில் எதுவும் தெரியவில்லை என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டாராம். ஆக, இந்தக் கண்ணாடி ஒரு மனிதனின் வேலையைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நம் ஊரில் அந்த மனிதனுக்குக் கிளீனர் என்று பெயர். படியில் தொங்கிக்கொண்டு, தட்டித் தட்டி, "வரலாம், வரலாம், ஒடி" என்று கத்தும் பையன். எங்கள் அப்பா பன்னிரண்டு வயதில் லாரிக் கிளீனராகத்தான் ஆரம்பித்தார். அவரே ஒரு கண்ணாடியாக ஐந்து வருஷம் இருந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய கண்ணாடியைச் சும்மா போட வேண்டாமென்று குரோம் பூசக் கொடுத்தேன். மறுநாள் பிளேட்டிங் பட்டறைக்காரர் போன் செய்தார். "சார், இதோட தண்டு அசையாதுங்க. உருண்டையப் பத்த வெச்சிருக்காங்க." போய்ப் பார்த்தேன். தண்டின் நுனியில் ஒரு உருண்டை இருக்கும். அது குழிக்குள் சுழலும். அதனால்தான் கண்ணாடியை விரலால் தள்ளித் திருப்பிக்கொள்கிறோம். இதில் உருண்டையையும் குழியையும் சேர்த்துப் பித்தளை உருக்கி விட்டிருந்தது. மேலே கறுப்புப் பெயின்ட். சுரண்டியதும் மஞ்சளாக மின்னியது. நல்ல கைவேலை, எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரே சீரான வரி. கண்ணாடி, நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் திரும்பிய நிலையில், நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு எண்பத்தியாறு. கேட்ட கேள்விக்குப் பதில் வருவது அபூர்வம். இதற்கு உடனே வந்தது. "அது மொதலாளி வெக்கச் சொன்னதுதான். ஒரு நாள் அவரு அழுதுட்டே வந்தாராமா, பின்னாடி உக்காந்துட்டு. உங்கப்பா கண்ணாடியில பாத்துப்போட்டாரு. அவரும் பாத்துப்போட்டாரு. மக்யா நாளே பட்டறைக்கு அனுப்பிப்போட்டாங்க."

எதற்காக அழுதார்? "அது உங்கப்பா சொல்லல." ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் படித்த எல்லா விமர்சனமும் அடங்கிப்போயிற்று.

கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும். கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் அதில் தெரியும் காட்சி இரண்டு பாகை நகரும். ஐந்தடி தள்ளிப் பின்சீட்டில் அது ஏறக்குறைய இரண்டு அங்குலம். மூன்று பாகை திருப்பினால் ஆறு அங்குலம். அது ஒரு மனிதனின் முகத்தின் அகலம். முதலாளிகள் நம் நாட்டில் இடப்பக்கம் உட்காருவார்கள், கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும் என்பதற்காக. கண்ணாடியிலும் அவர்கள் இடப்பக்க ஓரத்தில் பாதி முகமாகத் தெரிவார்கள். ஒரு விரல் அசைப்பில் அந்த முகத்தைக் கண்ணாடியிலிருந்து வெளியேற்றிவிடலாம். இன்னொரு விதியும் உண்டு. வெளிச்சம் வந்த வழியே திரும்பியும் போகும். கண்ணாடியில் நான் உன் கண்ணைப் பார்த்தால், நீ என் கண்ணைப் பார்க்கிறாய். ஒருவன் மட்டும் ஒளிந்திருந்து பார்க்கும் சலுகையை இந்தக் கண்ணாடி தருவதில்லை. முதலாளிக்கு அசௌகரியமாக இருந்தது தன்னை டிரைவர் பார்த்தது மட்டும்தானா, டிரைவரின் கண்ணைத் தான் பார்க்க நேர்ந்ததுமா? இரண்டையும் பிரிக்க முடியாது என்று இயற்பியல் சொல்கிறது.

அந்தப் பித்தளை வரிக்கு அப்பா கொடுத்த விலை எளிதாகக் கணக்கில் வராது. அந்தக் காரில் வெளிக்கண்ணாடி இல்லை. பின்கண்ணாடியின் வலப்பாதிதான் அவருக்குத் தெரிந்தது. இடப்பக்கமாக ஏறி வரும் சைக்கிளையும் மாட்டுவண்டியையும் அவர் காதால் பார்த்தார். புளியமரங்கள் இருந்த காலத்துப் பொள்ளாச்சி ரோட்டில், கணவாய்க் காற்று அடிக்கிற ஆடி மாசத்தில், காதும் உதவாது. அப்போதெல்லாம் கழுத்தை முழுதாக இடப்பக்கம் திருப்புவார். அவருக்குக் கடைசி வருஷங்களில் கழுத்து வலி இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போடுவது சுலபம். வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை.

எனக்கு விளங்காதது இது. 1979க்குப் பிறகு கார் அவருடையது. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இன்னொரு கண்ணாடி சொற்ப விலைக்குக் கிடைத்திருக்கும். பதினைந்து வருஷம் அவர் அதை மாற்றவில்லை. பழக்கம் என்று சொல்லலாம். விசுவாசம் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை, மாதக் கடைசியில் அவர் முதலாளியைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். அடிமை மனம் என்று நம் நண்பர்கள் எழுதுவார்கள், நானே எழுதியிருப்பேன். ஒருவேளை, வாடகைக்கு ஏறுகிறவர்களும் பின்சீட்டில் அழுவதுண்டு என்பதை ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் ஓட்டிய மனிதர் தெரிந்துகொண்டிருக்கலாம். இதுவும் நான் இப்போது உட்கார்ந்து கட்டுகிற காரணம்தான்.

இனி அந்தக் கதை. பெயர் வேண்டாம், ஒரு சிற்றிதழில் வந்தது, படித்தவர்கள் அதிகம் போனால் முந்நூறு பேர், அவர்களில் சிலர் இதையும் படிக்கலாம். அதில் ஒரு டிரைவர் வருவார். அவருடைய மகன் பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் அப்பாவின் கண்ணைத் தேடிக்கொண்டே இருப்பான். கண் கிடைக்காது. காதும் கன்னமும் மட்டும் தெரியும். அந்த மனிதர் பின்னால் திரும்பிப் பார்க்கத் தெரியாதவர், யாருக்கும் தன் கண்ணைக் கொடுக்காதவர் என்று கதை முடியும். உழைப்பு மனிதனை எப்படி அந்நியமாக்குகிறது என்பதற்கு அதை ஒருவர் உதாரணமாகக் காட்டி எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எதையும் கற்பனை செய்யவில்லை, பார்த்ததைத்தான் எழுதினேன். பழனிக்குப் போகும்போதெல்லாம் நான் பின்சீட்டில் இடப்பக்கம்தான் உட்காருவேன், தங்கையைத் தள்ளிவிட்டு. ஏனென்றால் அது முதலாளி உட்கார்ந்த இடம்.

தங்கை திருப்பூரில் இருக்கிறாள். போனில் விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஏண்ணா, உனக்கு அது தெரியாதா? நான் அப்பாவுக்குப் பின்னாடி சீட்டைப் புடிச்சு நின்னுட்டேதான் வருவேன். அப்பா கண்ணாடியில என்னையப் பாத்துப் புருவத்தத் தூக்கும். நான் சிரிப்பேன். மறுபடியும் தூக்கும். உடுமலை தாண்டற வரைக்கும் இதேதான். நீ சன்னல் பக்கம் திரும்பிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பே."

வலப்பக்கம் திருப்பிப் பற்றவைத்த கண்ணாடியில், வலப்பக்கம் நின்றவளுக்கு அப்பா முழுதாகக் கிடைத்திருக்கிறார். இரண்டடி இடைவெளி. என் கதையின் தத்துவம் முழுவதும் அந்த இரண்டடியில் இருந்தது. அவள் அந்தக் கதையைப் படித்திருக்கிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேஸ்திரியின் யோசனைப்படி பசையே போடுவது என்று முடிவாயிற்று. நண்பருக்கு மனவருத்தம். போன வியாழக்கிழமை பட்டறைக்குப் போனோம். அம்மாவும் வந்தார்கள், வெயிலில் நிற்க முடியாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள், பக்கத்தில் இருந்த இடப்பக்கக் கதவு வழியாக. முதலாளி இருந்த காலத்தில் அம்மா அந்தக் காரில் ஏறியதே இல்லை.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு பையன் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நகர்த்தினான். இதில் ஒரு இக்கட்டு இருக்கிறது. கண்ணாடி எட்டு அங்குல அகலம். என் கண்ணிலிருந்து இருபத்தெட்டு அங்குலம். என் கண்மட்டத்தில் வைத்தால், எழுபதடி தள்ளி இருபதடி அகலத்துக்கு முன்னால் இருப்பதை அது மறைத்துவிடும். ஒரு லாரி அதற்குள் காணாமல் போகும். சரி, மேலே தூக்கினால், பின்கண்ணாடியின் மேல்விளிம்பு தூரத்தை வெட்டிவிடுகிறது. பின்னால் ஒட்டிவரும் வண்டியின் மூக்கு மட்டும் தெரியும், தொலைவில் வேகமாக வருவது தெரியாது. பின்னால் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் கொஞ்சம் குருடாக வேண்டும். எவ்வளவு என்பதுதான் பேரம். "இன்னும் ஒரு நூல் மேலே" என்றேன். பையன் ஒரு அங்குலம் தூக்கினான். "நூலுன்னா நூலுடா" என்று மேஸ்திரி அதட்டினார்.

கடைசியில் ஒரு இடம் அகப்பட்டது. நடுவிலிருந்து ஒரு விரல்கடை வலப்பக்கம், கூரை விளிம்பிலிருந்து மூன்றரை அங்குலம் கீழே. பையன் வெளியே போய், கண்ணாடியின் வெளிப்புறத்தில் மெழுகுப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டான். உள்ளே வந்து ஸ்பிரிட் போட்டு இரண்டு தடவை துடைத்தான். விரல்ரேகை பட்டால் பசை பிடிக்காதாம். பொத்தானில் ஒரு சொட்டு. வைத்து அழுத்தி, ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த வெயிலில் கண்ணாடியும் உலோகமும் வேறுவேறு அளவில் விரியும், அதனால் என்றைக்காவது ஒரு மத்தியானம் பொத்தான் தானாக மடியில் விழலாம், நிழலில் நிறுத்துங்கள் என்றார் மேஸ்திரி. இன்றைக்கு இதில் எதையும் தொங்கவிடக் கூடாது. நாளை மாட்டலாம். கோணம் மட்டும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பையன் புதுக் கண்ணாடியைப் பொத்தானுக்கு முன்னால் பிடித்தான்.

உருண்டை வழுக்கிக்கொண்டு திரும்பியது. பின்கண்ணாடி முழுதும் தெரிந்தது. பட்டறை வாசல், வேப்பமரம், மண் குவியல். இன்னும் ஒரு பாகை இடப்பக்கம் திருப்பினேன். ஓரத்தில் அம்மாவின் பாதி முகம் வந்தது. இன்னும் கொஞ்சம். இரண்டு கண்ணும் வந்தன. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னைய எதுக்குடா பாக்கறே?" என்றார்கள் அம்மா. "பின்னாடி லாரி வருதா பாரு."

பழைய கண்ணாடியை, குரோம் பூசாமலே, டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். தங்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.